கூலக்கடைக்காரனுக்கு விகாரையில் என்ன வேலை?

மதுரைக் கீழமாசி வீதியில் பயறு விற்கிறவனுக்குப் புத்தத் துறவிகளின் மடமான விகாரையில் என்ன வேலை என்று பக்கத்துக் கடை அண்ணாச்சி கேட்டார். பௌத்தக் காப்பியமான மணிமேகலையைப் பாடிய சாத்தனாரே மதுரைக் கூலவாணிகர், நம்மைப் போலத் தானியம் விற்றவர்தானே அண்ணாச்சி என்றேன். சிரித்துக்கொண்டே தராசுப் பக்கம் திரும்பிவிட்டார்.

பூம்புகாரை ஒட்டிய பல்லவனேசுவரத்தில், 1960களில் தொல்லியல் துறை தோண்டி வெளிக்கொணர்ந்த விகாரை அது. கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். எஞ்சியிருப்பது செங்கல் அடித்தளமும் வரிசையாகச் சதுர அறைகளும். செங்கல் ஒவ்வொன்றும் நம் சூளைக் கல்லைவிட அகலம்.

எனக்குப் பெரிய வியப்பு அங்கே கிடைத்த புத்த பாதம். சுண்ணாம்புக் கல்லில் இரண்டு பாதங்கள். அவற்றோடு ஸ்வஸ்திகம், பூரணகும்பம் முதலிய மங்கலச் சின்னங்கள். புத்தரைப் பாதமாகவே வணங்கிய மரபு. வேலைப்பாடு ஆந்திரத்து அமராவதிப் பாணி. கிருஷ்ணா நதிக்கரைக் கலை காவிரி கடலில் கலக்கும் இடம்வரை வந்திருக்கிறது!

நம் ஊரிலிருந்து சுற்றுலா போகிறவர்கள் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் கடலையும் பார்த்துவிட்டு வேன் ஏறிவிடுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. பல்லவனேசுவரம் என்று மட்டும் டிரைவரிடம் சொன்னால் சிவன் கோயில் வாசலில் இறக்கிவிடுவார். விகாரை என்று சேர்த்துச் சொல்லுங்கள்.