டிஸ்ப்ளே எரிகிறது, பாட்டு வரவில்லை: உப்புக்காற்றில் ஓடும் வண்டியின் ஸ்டீரியோ வேலை

தங்கச்சிமடத்து வண்டி. ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் சுற்றுலா ஆட்களை ஏற்றி ஓடுவது. வெளியே வாங்கி மாட்டிய செட். டிஸ்ப்ளே எரிகிறது, ப்ளூடூத் சேர்கிறது, பாட்டின் நிமிடமும் ஓடுகிறது. நாலு ஸ்பீக்கரிலும் சத்தம் மட்டும் இல்லை. இப்படி வரும் வண்டிக்கு செட்டை மாற்றச் சொல்லிவிடுவது சுலபம். இந்தக் கரையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயரையும், வண்டியின் தகட்டு பாடி வழியே கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் எர்த்தையும்தான்.

டிஸ்ப்ளே எரிவதால் செட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் மஞ்சள் (பேட்டரியிலிருந்து நேராக), சிவப்பு (சாவி போட்டால்) வயர் இரண்டிலும் கரண்ட் வருகிறது, செட்டின் பின்பக்க 10 ஆம்பியர் ஃபியூஸும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மியூட், ஃபேடர், பேலன்ஸ், போனின் வால்யூம் எல்லாம் சரி. மியூட் வயர் தனியாக வரும் செட்டில் அதன் நுனி பாடியில் பட்டாலும் சத்தம் நிற்கும். அதற்கு டேப் சுற்றியே இருந்தது.

அடுத்து செட்டையும் வண்டியையும் பிரித்தோம். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கருக்குப் போகும் எட்டு வயரையும் விடுவித்து, வெளியில் இருந்த ஒரு 4 ஓம் ஸ்பீக்கரை முன் இடது ஸ்பீக்கருக்கான வெள்ளையிலும் வெள்ளை-கறுப்பிலும் நேராகக் கொடுத்தோம். மைனஸை மாட்டி ஆன் செய்ததும் பாட்டு வந்துவிட்டது. செட் நலம். டேஷ்போர்டுக்குள் கை விடும்போது மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்களில் மட்டும் மீட்டரை வைக்கவே கூடாது.

பிறகு, செட்டோடு சேராத நிலையில் ஸ்பீக்கர் வயர்களை மல்டிமீட்டரில் அளந்தோம். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டும். நாலு ஜோடியும் அதற்குள்தான் இருந்தன. இதோடு நிறுத்தினால் கோளாறு கண்ணில் படாது. ஒவ்வொரு வயரையும் பாடிக்கும் வைத்துப் பார்க்க வேண்டும்; மீட்டர் அசையவே கூடாது. முன் இடது கதவில் வெள்ளையிலிருந்து பாடிக்கு 4.3, வெள்ளை-கறுப்பிலிருந்து 0.8. குறைவாகக் காட்டுவதுதான் தகட்டில் ஒட்டியிருக்கும் வயர்.

ஒரு வயர் பட்டதற்கு நாலு ஸ்பீக்கரும் ஏன் ஊமையாக வேண்டும்? இந்த செட்களில் சத்தத்தைப் பெருக்கும் சிப்பான ஆம்ப் ஐசி பிரிட்ஜ் முறையில் வேலை செய்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் பேட்டரியில் பாதி, சுமார் 6 வோல்ட், நின்றுகொண்டே இருக்கும். எதுவும் எர்த் இல்லை. கறுப்புக் கோட்டைப் பார்த்து எர்த் என்று பாடியில் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒன்று பாடியில் பட்டால் ஐசி தன்னைக் காத்துக்கொள்ள, பல செட்களில் நாலு சேனலையும் சேர்த்தே அடைத்துவிடும்.

கதவுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய் ஓட்டையிலிருந்து நழுவியிருந்தது. தகட்டு விளிம்பு வயரின் தோலை அறுத்திருக்கிறது. வயர் விறைத்துக் குச்சிபோல இருந்தது. தோலைக் கீறியதும் பச்சைக் களிம்பு மாவாக உதிர்ந்தது. அறுந்த இடத்தில் மட்டும் இல்லை, இரண்டு விரற்கடை தூரம் உள்ளே ஏறியிருந்தது. களிம்பு பிடித்த செம்பில் ஈயம் ஒட்டாது. பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டி, ஒட்டுப்போடாமல் தூணின் அடியிலிருந்து ஸ்பீக்கர்வரை ஒரே நீளமாக, வெள்ளீயம் பூசிய 1 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தோம். ரப்பர் குழாய்க்குள் இரண்டு அங்குலம் தொய்வு. அதற்குள் இணைப்பு கூடாது. தூணடி இணைப்பில் ஈயம் வைத்து, உட்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டோம். ஸ்பீக்கர் முனைக்கு வருமுன் வயரைக் கீழே இறக்கி மேலே ஏற்றினால் கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீர் முனைக்குப் போகாமல் சொட்டிவிடும்.

கதவடியில் நீர் வடியும் துளையில் மணல் அடைத்திருந்தது. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தனுஷ்கோடிச் சாலையில் பறப்பது எல்லாம் கதவைத் திறக்கும்போது வந்து சேர்கிறது; வாட்டர் சர்வீஸ் அடித்த தண்ணீர் அதற்குமேல் தேங்குகிறது. கம்பியால் குத்தி விட்டோம். டோர் பேட் பின்னால் இருக்கவேண்டிய பிளாஸ்டிக் தாளும் கிழிந்திருந்ததால் புதிதாக ஒட்டினோம். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் அதைக் கிழித்துப் போட்டுவிடுவது பெரிய கொடுமை.

எர்த்தையும் விடவில்லை. பாட்டு ஓடும்போது செட்டின் கறுப்பு வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.7 வோல்ட், 0.1க்குள் இருக்க வேண்டும். எர்த் மாட்டும் இடத்துப் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷரோடு 6 மில்லிமீட்டர் போல்ட்டில் வயர் நுனியின் லக்கை (உலோக வளையத்தை) இறுக்கி, மேலே வாஸலின் பூசியதும் 0.04.

பின் வலது ஸ்பீக்கரின் கூம்பை விரல்களால் சமமாக அமுக்கினால் கரகரக்கிறது. சுருள் ஓடும் இடுக்கில் மணல். ஊதினாலும் வராது, ஸ்பீக்கரைத்தான் மாற்ற வேண்டும். இப்போதைக்கு அதன் ஜோடியைக் கழற்றி, இரண்டு நுனியிலும் தனித்தனியே டேப் சுற்றி வைத்திருக்கிறது. மற்ற மூன்றும், கதவைத் திறந்து மூடிப் பார்த்தும், விடாமல் பாடுகின்றன.