வால்வோ 940 டர்போவுக்கு ஹெட் கேஸ்கெட் மாற்றிய அனுபவம்

என்னிடம் உள்ள கார் 1994ஆம் ஆண்டின் வால்வோ 940 டர்போ. வேலையின் பொருட்டுச் சுவீடனின் கோதன்பர்க் நகருக்குக் குடிவந்தபோது, அந்த ஊர் நிறுவனத்தின் பழைய கார் ஒன்றை என் கையாலேயே பராமரித்து ஓட்ட வேண்டும் என்ற ஆசையில் வாங்கியது. இதிலுள்ள பி230எஃப்டி இன்ஜின் 2316 சிசி கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்டது. பிளாக் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம், மேலே ஒற்றைக் கேம்ஷாஃப்ட். வீட்டுக் கராஜில் ஒரு மனிதர் தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய அளவுக்கு எளிமையும் இடவசதியும் உள்ள இன்ஜின் இது. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அமர்ந்து எரியும் வாயு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் கலக்காமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் வரை நான் துணிந்து இறங்கியதற்கு அந்த எளிமைதான் காரணம்.

முதல் அறிகுறி மிகச் சிறியதாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூலண்ட் தொட்டியில் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பிறகு, இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜினைக் காலையில் இயக்கினால் முதல் அரை நிமிடம் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு எரிவதும், புகைக்குழாயிலிருந்து இனிப்பு வாடையுடன் வெண்புகை வருவதும் தொடங்கின. குளிர்நாட்டில் காலை வேளையில் எல்லா வண்டியும் வெண்புகை விடும் என்பதால் சில நாள் அதைப் பொருட்படுத்தாமல் இருந்தேன். பிறகு ஒருநாள் காலை, இன்ஜினை இயக்குவதற்கு முன்பே ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்தபோது அது கல்போல விறைத்திருந்தது. ஆறிய இன்ஜினில் ஹோஸ் தளர்ந்திருக்க வேண்டும். சிலிண்டரில் எரிந்த வாயு எங்கிருந்தோ தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து அங்கேயே அடைபட்டிருக்கிறது என்பது அந்த விறைப்பிலேயே விளங்கிவிட்டது.

ஆனாலும் சந்தேகத்தின் பேரில் ஹெட்டைக் கழற்றக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். கூலண்ட் தொட்டியின் வாயில் பொருத்திச் சோதிக்கும் நீலத் திரவம் சில நிமிடங்களில் மஞ்சளாக மாறியது. தொட்டிக்குள் எரிந்த வாயு இருப்பது அதில் உறுதியானது. பிஸ்டன் எழுப்பும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை மட்டும் என்னைக் குழப்பியது. முதல் மூன்று சிலிண்டர்களும் 10 பாரை ஒட்டி நிற்க, நான்காவது 9.4 காட்டியது. கையேடு 9 முதல் 11 வரை ஏற்கிறது என்பதால், இந்த அளவீட்டை மட்டும் நம்பியிருந்தால் இன்ஜின் நலமாக உள்ளது என்றே முடிவு செய்திருப்பேன். உண்மையைக் காட்டியது காற்றுக் கசிவுச் சோதனை. ஒவ்வொரு சிலிண்டரையும் வால்வுகள் மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தி, கூலண்ட் தொட்டியை டார்ச் ஒளியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவதில் காற்றைத் திறந்ததும், அரிசி கொதிக்கத் தொடங்கும்போது எழுவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு குமிழிகள் சீராக மேலே வந்தன.

பிரிக்கும் வேலைக்கு ஒரு வார இறுதி முழுவதும் போயிற்று. அதில் பெரும்பகுதி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலேயே கழிந்தது. டர்போ இன்ஜினில் அந்தப் பகுதி செந்தணலாகக் காய்ந்து காய்ந்து ஆறுவதால், ஸ்டட் எனும் தலையில்லாத போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். இரண்டு நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வைத்திருந்தும், கடைசி சிலிண்டரின் பின்பக்க ஸ்டட் முறிந்தது. டர்போவை மேனிஃபோல்டிலிருந்து பிரிக்கவில்லை. எண்ணெய் வரும் குழாய், எண்ணெய் திரும்பும் குழாய், தண்ணீர்க் குழாய்கள் ஆகியவற்றை மட்டும் கழற்றி, திறந்த வாய்களை உடனுக்குடன் துணியாலும் டேப்பாலும் அடைத்தேன். ஒரு சிறு வாஷர் டர்போவுக்குள் விழுந்தாலும் அதன் இறக்கைகள் மிஞ்சாது. இன்டேக் மேனிஃபோல்டை வயர்களோடு அப்படியே பின்னுக்குத் தள்ளிக் கட்டி வைத்தேன். டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் மூன்று பற்சக்கரங்களின் குறிகளையும் நேர்படுத்திப் படம் எடுத்துக்கொண்டேன். எட்டு வால்வு கொண்ட இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால்கூட வால்வும் பிஸ்டனும் மோதுவதில்லை என்பது மனத்துக்குப் பெரிய ஆறுதல்.

ஹெட்டைத் தூக்குவதற்கு விடுமுறைக்கு வந்திருந்த என் மைத்துனர் கைகொடுத்தார். பத்து போல்ட்களையும் வெளியோரத்திலிருந்து உள்நோக்கி, சிறிது சிறிதாக மூன்று சுற்றுகளில் தளர்த்திய பிறகு இருவருமாகத் தூக்கி மரப்பலகை மேல் கிடத்தினோம். "மாமா, இந்த ஒரு பிஸ்டன் மட்டும் ஏன் புதுசு மாதிரி இருக்கு?" என்று அவர்தான் முதலில் கேட்டார். மற்ற மூன்று பிஸ்டன்களின் தலையும் கரி படிந்து கறுத்திருக்க, நான்காவதின் தலை மட்டும் வெள்ளிபோலப் பளிச்சென்று இருந்தது. கசிந்த தண்ணீர் ஒவ்வொரு முறையும் நீராவியாகிக் கரியைக் கழுவி எடுத்திருக்கிறது. கேஸ்கெட்டைப் புரட்டிப் பார்த்தால், நான்காவது சிலிண்டரைச் சுற்றியுள்ள எஃகு வளையத்துக்கும் பக்கத்துத் தண்ணீர்த் துளைக்கும் நடுவே, சிறுவிரல் நகத்தின் அகலத்தில் ஒரு பழுப்புத் தடம். அந்த இடத்தில் மேற்பூச்சு உரிந்து உலோகம் தெரிந்தது. இத்தனை நாள் தொல்லைக்கும் காரணம் அவ்வளவு சிறிய ஓர் இடம்.

கேஸ்கெட் தானாகக் கெடுவது அரிது. ஏதோ ஒன்று அதைக் கெடுத்திருக்கும். அது எது என்று தெரியாமல் புதியதை வைப்பது வீண் செலவு. டர்போ காற்றை அழுத்தித் திணிப்பதால், எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும் ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கும் விசையும் சாதாரண இன்ஜினைவிட அதிகம். அதோடு சூடும் அளவு மீறினால் அலுமினிய ஹெட், தனக்குக் கீழே உள்ள இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியப் பார்க்கும். போல்ட்கள் பிடித்திருப்பதால் விரிய இடமின்றி வளையும். ஆகவே சூடேறியதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டை முதலில் சந்தேகித்தேன். அடுப்பில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரோடு அதையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். 87 டிகிரி என்று பொறிக்கப்பட்டிருந்த அது, தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் திறக்கவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த புதியது 87ஐத் தாண்டியதும் அசைந்து, சற்று நேரத்தில் முழுவதுமாகத் திறந்துகொண்டது. சென்ற கோடையில் மலைச்சாலையில் ஒருமுறை வெப்பமுள் மேலே ஏறி, வண்டியை நிறுத்தியதும் இறங்கியது நினைவுக்கு வந்தது. அன்றே இதைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வேலையின் உயிர் இரண்டு முகங்களில்தான் இருக்கிறது: ஹெட்டின் அடிமுகம், பிளாக்கின் மேல்முகம். எனக்கு மிக அதிக நேரம் பிடித்ததும், மிக அதிக நிறைவைத் தந்ததும் அவற்றைச் சுத்தம் செய்ததே. பழைய கேஸ்கெட்டின் ஒட்டலை எடுக்கச் சுழலும் உராய்வுத் தட்டுகளைப் பயன்படுத்துவோர் பலர். நான் அதை அறவே தவிர்த்தேன். அதிலிருந்து உதிரும் நுண்துகள் எண்ணெய்ப் பாதையில் இறங்கினால் பேரிங்குகளை அரித்துவிடும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. சிலிண்டர்களுக்குள் துணியைத் திணித்து, எண்ணெய்த் துளைகளை டேப்பால் மூடி, இரும்பு முகத்தைச் சவர பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினேன். அலுமினிய முகத்தில் இரும்பு எதையும் படவிடவில்லை. ஒட்டலை இளக்கும் திரவத்தைத் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியாலேயே எடுத்தேன். விரல்நுனியை வைத்து இழுத்தால் எங்கும் தடுக்கக் கூடாது என்பதே எனக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல்.

பிறகு நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் கனம் குறித்த மெல்லிய தகடுகளைச் செலுத்திப் பார்த்தேன். பிளாக்கில் 0.05 மில்லிமீட்டர் தகடுகூட எங்கும் நுழையவில்லை. ஹெட்டிலோ மூன்றாவது, நான்காவது சிலிண்டர்களுக்கு நடுவே 0.10 தகடு சிறு உராய்வோடு உள்ளே போயிற்று. ஒரு தாளின் கனம்தான் அது. கையேட்டின்படி இதைவிடப் பெரிய வளைவையும் அப்படியே விடலாம். ஆனால் கசிவு நேர்ந்ததும் சரியாக அதே இடம் என்பதால் விட மனம் வரவில்லை. ஹெட்டைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று, முதலில் விரிசல் உள்ளதா என்று அழுத்தச் சோதனை செய்து, அதன்பின் முகத்தைச் சமன்செய்யச் சொன்னேன். முறிந்த ஸ்டட்டையும் அங்கேயே துளையிட்டு எடுத்தார்கள். புதிய ஹெட்டின் உயரம் 146.1 மில்லிமீட்டர், சமன்செய்த பிறகு 145.6க்குக் கீழே போகக் கூடாது என்பது வரம்பு. என்னுடையது 0.15 சீவப்பட்டு 145.95இல் நின்றது.

டர்போ இன்ஜினில் ஹெட்டைச் சீவினால், சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அழுத்த விகிதம் கூடும், அதனால் இடிப்புச் சத்தம் வரும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 579 சிசி, 8.7க்கு 1 என்ற விகிதத்தில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே எஞ்சும் இடம் சுமார் 75 சிசி. 96 மில்லிமீட்டர் விட்டத்தில் 0.15 மில்லிமீட்டர் குறைந்தால் அந்த இடத்தில் அதிகம் போனால் 1.1 சிசி குறையும், விகிதம் 8.8ஐத் தொடும், அவ்வளவுதான். இதற்காகத் தடித்த கேஸ்கெட்டைத் தேட வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன்.

வால்வுகளைப் பசை வைத்துத் தேய்த்து அமர்த்தியதையும், வால்வுத் தண்டு சீல்களை மாற்றியதையும் விரித்துச் சொல்ல ஏதுமில்லை. தேய்த்தபின் வால்வு சற்று மேலேறி அமர்வதால் கேம்ஷாஃப்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறையும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. எட்டில் மூன்று வால்வுகளுக்கு அந்த இடைவெளியைத் தீர்மானிக்கும் ஷிம் எனும் வட்டத் தகட்டை மெல்லியதாக மாற்றி, எல்லாவற்றையும் ஆறிய நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தேன்.

பொருத்தும் நாளன்று முதலில் கவனித்தது பிளாக்கின் போல்ட் துளைகளை. அடிப்பகுதி மூடிய துளைகள் அவை. ஹெட்டைத் தூக்கும்போது சிந்திய கூலண்டும் எண்ணெயும் அதில் தேங்கியிருக்கும். அப்படியே போல்ட்டை இறுக்கினால், நசுங்க இடமில்லாத திரவம் பிளாக்கையே பிளந்துவிடக்கூடும். அல்லது போல்ட் ஹெட்டைப் பிடிக்காமலேயே டார்க் ரெஞ்ச் சொடுக்கிட்டு நம்மை ஏமாற்றும். ஒவ்வொரு துளையையும் ஊசிக்குழலால் உறிஞ்சி, காற்றடித்து, வெள்ளைத் துணியைச் சுற்றிய குச்சியை விட்டு எடுத்து, துணி உலர்ந்து வரும்வரை திரும்பத் திரும்பச் செய்தேன்.

இந்த இன்ஜினுக்கே உரிய இன்னொரு நுணுக்கம் தண்ணீர் பம்ப். பம்பின் தலையில் உள்ள ரப்பர் வளையம் நேராக ஹெட்டின் அடிப்பகுதியோடு அழுந்தி அடைக்கிறது. பம்ப் இறுகியிருக்கும்போது ஹெட்டை இறக்கினால் அந்த வளையம் மடங்கிவிடும். ஹெட் கேஸ்கெட் நன்றாக இருந்தும் முன்பக்கம் தண்ணீர் ஒழுகும். ஆகவே பம்பின் நட்களைத் தளர்த்தி வைத்து, புதிய வளையத்தைப் போட்டு, ஹெட்டை இறுக்கி முடித்த பிறகு, ஒரு நெம்புகோலால் பம்பை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டே நட்களை இறுக்கினேன்.

கேஸ்கெட்டை எந்தப் பசையும் இன்றி உலர்வாகவே வைத்தோம். புதிய போல்ட்களின் புரிகளில் இலேசாக எண்ணெய் தடவி, நடுவிலிருந்து வெளிநோக்கிய வரிசையில் முதல் சுற்று 20 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்று 60, மூன்றாம் சுற்று ஒவ்வொன்றுக்கும் மேலும் 90 டிகிரித் திருப்பு. கடைசிச் சுற்றுக்கு முன் ஒவ்வொரு போல்ட் தலையிலும் வெள்ளை மையால் ஒரு கோடிட்டேன். எல்லாக் கோடுகளும் காரின் முன்பக்கம் நோக்கியிருந்தன. முடிந்தபோது பத்தும் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. எதையும் விட்டுவிடவில்லை என்பதற்கு அதைவிட எளிய சான்று இல்லை. அந்தக் கால் சுற்றில் போல்ட் முனகிக்கொண்டே திரும்பும். உடைந்துவிடுமோ என்று கை தயங்கும். நிறுத்தாமல் ஒரே இழுப்பில் முடிப்பதே நல்லது. இப்படிக் கோணக் கணக்கில் இறுக்கிய போல்ட்களைப் பிறகு மறுபடி இறுக்க வேண்டியதில்லை.

முதல் இயக்கத்துக்கு முன், டர்போவின் எண்ணெய்க் குழாய் வாயில் சுத்தமான எண்ணெயை ஊற்றி, தண்டைக் கையால் சுற்றிவிட்டேன். பற்றவைப்பையும் பெட்ரோல் பம்பையும் துண்டித்துவிட்டு, டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் இன்ஜினைச் சுழற்றினேன். அதன்பிறகே இணைப்புகளைக் கொடுத்தேன். இரண்டாம் முயற்சியில் பிடித்துக்கொண்டு, நான்கு சிலிண்டரும் சமமாக ஓடின. மேனிஃபோல்டில் சிந்தியிருந்த எண்ணெய் எரிந்து பத்து நிமிடம் புகைந்தது. வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலண்ட் பாதையில் இருந்த காற்று வெளியேறும்வரை காத்திருந்தேன். சரிபாதி கலந்த கூலண்ட் இங்குள்ள பனிக்காலத்துக்குப் போதுமானது. எண்ணெயையும் ஃபில்டரையும் அன்றே ஒருமுறையும், 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறையும் மாற்றினேன். அதுவரை டர்போ முழு அழுத்தத்துக்கு ஏறும்படி மிதிக்கவில்லை.

இப்போது 1,200 கிலோமீட்டர் ஆகிறது. கூலண்ட் தொட்டியில் நான் ஒட்டிய டேப்பின் விளிம்பிலேயே மட்டம் நிற்கிறது. நீலத் திரவம் நீலமாகவே இருக்கிறது. நான்காவது சிலிண்டரின் கம்ப்ரஷன் 10.1. காலையில் கதவைத் திறக்கும் முன் மேல் ஹோஸை அழுத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அது மெத்தென்று அமுங்குகிறது. எஞ்சியிருப்பது ஒன்றே: குளிர்ந்த இன்ஜினை இயக்கியதும் மேனிஃபோல்டின் பின்முனையில், ஸ்டட் மாற்றிய இடத்தில், டிக் டிக் என்று மெல்லிய காற்றுச் சத்தம் ஒரு நிமிடம் கேட்டு, சூடானதும் மறைகிறது. வரும் சனிக்கிழமை அந்த நட்டை மறுபடி இறுக்கிப் பார்த்து, சத்தம் நிற்காவிட்டால் அந்த ஒரு மேனிஃபோல்ட் கேஸ்கெட்டை மட்டும் மாற்றப் போகிறேன்.