விரல்நுனி அளவு

மகளுக்கு முழங்கை மடிப்பு முதன்முதலில் சிவந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அம்மா பார்த்த உடனே, "கரப்பான்டா, கத்தரிக்காயும் கருவாடும் காட்டாதே" என்றார். மியான்மரின் யங்கோனில் கருவாடும் ஙாப்பி என்ற மீன் விழுதும் இல்லாத சமையலா? ஆறு மாதம் வீடே பத்தியம் இருந்தது. அரிப்பு குறையவில்லை, பிள்ளைதான் இளைத்தாள். பக்கத்து வீட்டு பர்மிய அக்கா தனாக்கா என்ற மரப்பட்டையை அரைத்துக் கொடுத்தார். வெயிலுக்கு நாங்களும் பூசுவதுதான். ஆனால் வெடித்த தோலில் அது காய்ந்து இழுத்தபோது குழந்தை அலறிவிட்டாள்.

பெரிய தப்பைச் செய்தது நான். தெருமுனை மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஏதாவது" என்று கேட்டேன். சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சின்ன ட்யூபை நீட்டினார்கள். மூன்றே நாளில் தோல் பளபளவென்று ஆனது. நிறுத்தினால் திரும்பி வந்தது, மறுபடி பூசினேன். கன்னத்திலும் பூசினேன். நாலு மாதம் கழித்து கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்த பிறகுதான் ட்யூபில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன்: குளோபெட்டசால், கூடவே பூஞ்சை மருந்து, ஆண்டிபயாடிக். தோல் அழற்சியை அடக்கப் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை இந்த குளோபெட்டசால். அதைக் குழந்தையின் முகத்தில்!

இனி ஸ்டீராய்டே வேண்டாம் என்று தூக்கி எறிந்தேன். அதுவும் தப்புதான். நவம்பரில் காற்று வறண்டதும் இரவெல்லாம் சொறிந்தாள், விரிப்பெல்லாம் ரத்தப் பொட்டு. புண்ணில் மஞ்சள் பொருக்கு கட்டி நீர் வடிந்தபோதுதான் தோல் டாக்டரிடம் ஓடினோம்.

கிருமித் தொற்றுக்கு மருந்து கொடுத்துவிட்டு அவர் என் கையைப் பார்த்தார். எனக்கு டீக்கடை. நாள் முழுக்க சோப்புத் தண்ணீரில் கோப்பை கழுவி விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. சின்ன வயதில் மூச்சிளைப்பும் இருந்தது. "இந்தக் கரப்பான்தான் எக்சிமா. எக்சிமா, ஆஸ்துமா எல்லாம் ஒரே குடும்பத்தில் வருவது சகஜம்" என்றார். இந்தத் தோல் ஒழுகும் கூரை மாதிரியாம்: உள்ளே இருக்கும் ஈரம் நிற்காது, வெளியே இருக்கும் சோப்பும் தூசியும் சுலபமாக உள்ளே போகும். ஒட்டுவாரொட்டி இல்லை. (இதை என் வாடிக்கையாளர்களுக்கும் யாராவது சொன்னால் நல்லது.)

பிறகு ஸ்டீராய்டையே எழுதிக் கொடுத்தார்! முகத்துக்கு வீரியம் குறைந்த 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன், கை காலுக்குச் சற்று வீரியமானது, எல்லாம் சில நாட்களுக்கு மட்டும். அளவையும் காட்டினார். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். நான் முதலில் அள்ளி அப்பினேன், பிறகு பயந்து கைவிட்டேன். நடுவில் இப்படி ஒரு கணக்கு இருப்பது அதுவரை தெரியாது.

கிரீமைவிட வாசலின்தான் அதிகம் செலவாகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன் உடம்பு முழுக்கப் பூச வேண்டும். தோல் நன்றாக இருக்கும் நாளிலும் விடக்கூடாது. ஏப்ரல் புழுக்கத்தில் கரண்டும் போய்விட்டால் வியர்வையில் மறுபடி அரிக்கும். ஈரத்துணியும் விசிறியும்தான் துணை. நானும் பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை மாட்டித்தான் கோப்பை கழுவுகிறேன்.

இந்த மாதம் வாசலின் டப்பா பத்தே நாளில் காலி. அம்மாவின் குதிகால் மட்டும் சந்தேகப்படும்படி மினுமினுக்கிறது.