பெங்களூருக்கு ஒரு நாள்: நம்ம பக்கத்து ஆட்களுக்கு

கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் பெங்களூர் போகாத வீடே கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போவோம், இன்டர்வியூவுக்குப் போவோம், முகூர்த்தப் புடவைக்குப் போவோம். காரியம் முடிந்ததும் மெஜஸ்டிக்கில் ஒரு டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவோம். ஊரைச் சுற்றிப் பார்க்கவென்றே கிளம்புகிறவர்களோ லால்பாக், விதான சௌதா, கமர்ஷியல் ஸ்ட்ரீட், இஸ்கான் கோயில், ஒரு மால் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போய், பாதி நாளை சிக்னலில் கழித்துவிட்டு வருகிறார்கள்.

நான் சொல்வது இதுதான்: ஒரே நாளில் ஊரைக் குறுக்கே கடக்காதீர்கள். நாம் தெற்குப் பக்கமிருந்து நுழைகிறோம். பசவனகுடி, லால்பாக், வி.வி.புரம், பழைய பேட்டை எல்லாம் அந்தப் பக்கத்திலேயே, ஒரே மெட்ரோ தடத்தில் இருக்கின்றன. நல்ல சாப்பாடும் அங்கேதான். இந்திராநகர், மல்லேஸ்வரம், சிவாஜிநகர் எல்லாவற்றுக்கும் இன்னொரு நாள் போங்கள்.

முதலில் கிழமை. இதைப் பார்க்காமல் போய்த்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பேர்போன டிபன் ஓட்டல்களுக்கு ஆளுக்கொரு விடுமுறை: காந்தி பஜார் வித்யார்த்தி பவனுக்கு வெள்ளி. லால்பாக் ரோடு எம்.டி.ஆருக்குத் திங்கள். சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாருக்கு ஞாயிறு. சிக்பேட்டையிலும் ஞாயிறன்று பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். மெட்ரோவும் அன்று காலை தாமதமாகத்தான் தொடங்கும். நமக்கு ஞாயிறுதான் லீவு என்றாலும், பெங்களூருக்கு அது உதவாது. செவ்வாய், புதன், வியாழன் தோதான நாட்கள். முடியாதென்றால் சனி. வரிசையில் நிற்கத் தயாராகப் போங்கள்.

போகும் வழி. தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாக ரயில் இருக்கிறது, கிருஷ்ணகிரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பஸ்தான். கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். அதில் ஓசூர் வரைக்கும் ஒரு கவலையும் இல்லை. அத்திப்பள்ளி தாண்டிச் சந்தாபுரா வந்ததும்தான் வண்டி ஊர்ந்து ஊர்ந்து நகரத் தொடங்கும். முன்பெல்லாம் சில்க் போர்டு சிக்னலில் உட்கார்ந்து விதியை நொந்துகொள்வதைத் தவிர வழியில்லை. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ திறந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி.ரோடு வரை பதினாறு நிலையங்கள், 19 கிலோமீட்டர், எல்லாம் தலைக்கு மேலே. கீழே ஓசூர் ரோட்டில் லாரிகள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம், "பொம்மசந்திரால நிறுத்துவீங்களாண்ணா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா வண்டியும் நிற்காது. அங்கே நிற்காவிட்டால் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறுவதற்கு முன் இறங்கியாக வேண்டும். பாலத்தில் ஏறிவிட்டால் நடுவில் இறங்க வழியே இல்லை. பொம்மனஹள்ளி பக்கம்தான் கீழே வரும். ஓசூரிலோ அத்திப்பள்ளியிலோ இறங்கி பெங்களூர் டவுன் பஸ்ஸான பி.எம்.டி.சி.க்கு மாறுவது இன்னொரு வழி. அதில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு ஏறாதீர்கள். அந்தச் சலுகை கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டு ஆதாரை நீட்டினால் டிக்கெட் வாங்கத்தான் சொல்வார்கள், நம் டவுன் பஸ் சலுகை எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லாது.

காரில் போகிறவர்கள் வண்டியை ஓசூரிலேயே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். காந்தி பஜாரில் பார்க்கிங் தேடும் நேரத்தில் ஒரு டிபனே சாப்பிட்டு முடித்துவிடலாம்.

ஆர்.வி.ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாற வேண்டும். மெஜஸ்டிக் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் சவுத் எண்ட் சர்க்கிள், லால்பாக், நேஷனல் காலேஜ், கே.ஆர்.மார்க்கெட், சிக்பேட்டை, மெஜஸ்டிக் என்று வரிசையாக வரும். நம் நாள் முழுக்க இந்த ஆறு நிலையங்களுக்குள்தான். ஒவ்வொரு தடவையும் கவுன்ட்டரில் நிற்காமல் போனிலேயே கியூ.ஆர். டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேஷனல் காலேஜில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால் காந்தி பஜார். இங்கேதான் முதல் டிபன். வித்யார்த்தி பவன் 1943-லிருந்து இருக்கிறது. வாசலில் பேரையும் எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிட்டு நிற்க வேண்டும், கூப்பிடுவார்கள். பேரைக் கொடுக்காமல் சும்மா நின்றுகொண்டு, பின்னால் வந்தவர்கள் உள்ளே போகிறார்களே என்று கோபப்படுகிறவர்களை எப்போது போனாலும் பார்க்கலாம். மதியம் இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமாக மூடி வைத்திருப்பார்கள், அதனால் பதினொன்றுக்குள் போய்விடுங்கள்.

அந்த மசால் தோசை நம்மூர் தோசை மாதிரி இருக்காது. கனமாக, வெளியே செங்கல் நிறத்தில் மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று இருக்கும். பெங்களூர் தோசை மாவில் அரிசி, உளுந்தோடு கடலைப்பருப்பு, வெந்தயம், அவல் எல்லாம் சேர்ப்பது வழக்கம். அந்த நிறமும் மொறுமொறுப்பும் அதனால்தான். வெண்ணெயோ நெய்யோ தாராளமாக விழும். ஒன்றே வயிற்றை அடைத்துவிடும் என்பதால் இரண்டு பேருக்கு ஒன்று சொல்லுங்கள், காலையில் சாப்பிட இன்னும் இடம் பாக்கி இருக்கிறது. தட்டில் விழுந்த சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும். பத்து நிமிஷம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் ரப்பர்தான். பார்சல் கட்டி ஊருக்குக் கொண்டுவரும் எண்ணத்தை மறந்துவிடுங்கள்.

சாப்பிட்டது செரிக்க புல் டெம்பிள் ரோடு பக்கம் நடங்கள். பியூகிள் ராக் பார்க், தொட்ட கணபதி, ஒற்றைக் கல்லில் செதுக்கிய பெரிய நந்தி மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்களன்று இங்கே கடலைக்காய் பரிஷை, அதாவது நிலக்கடலைத் திருவிழா, நடக்கும். கர்நாடக விவசாயிகளோடு தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மூட்டை மூட்டையாக நிலக்கடலை வந்து இறங்கும். பச்சை, வறுத்தது, வேகவைத்தது எல்லாம் உண்டு. கடலை விளையும் ஊர்க்காரர்கள் நாம். ரகத்துக்கு ரகம் ருசி பார்த்து வாங்க நமக்கா தெரியாது! அவர்கள் கார்த்திகை நம் பஞ்சாங்கத்தோடு நாள் கணக்கில் ஒத்துவராது. அந்த வருஷத்துத் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

அங்கிருந்து சங்கரபுரம் பக்கம்தான் பிராமின்ஸ் காபி பார். உட்கார இடம் கிடையாது. டோக்கன் வாங்கி, தட்டை வாங்கி, ரோட்டோரம் நின்று சாப்பிட வேண்டியதுதான். இட்லி, வடை, காரா பாத் (நம் ரவை உப்புமா), கேசரி பாத் (நம் கேசரி), காபி, டீ. மெனு அவ்வளவே. சாம்பார் கிடையாது. கேட்டுப் பிரயோஜனமில்லை. அந்தச் சட்னிக்கு சாம்பார் தேவையும் இல்லை. தட்டு நிறைய ஊற்றுவார்கள், தீர்ந்தால் திரும்பவும் போய் நீட்டலாம். வடையைச் சட்னியில் ஒரு நிமிஷம் ஊறவிட்டுச் சாப்பிடுங்கள்.

மற்ற தர்ஷினிகளில், அதாவது இப்படி நின்று சாப்பிடும் ஓட்டல்களில், இட்லி வடை சொன்னால் "டிப்பா, செபரேட்டா?" என்று கேட்பார்கள். டிப் என்றால் சாம்பாரில் முக்கித் தருவது. செபரேட் என்றுதான் சொல்லுங்கள். அங்கே சாம்பாரில் வெல்லம் விழும், நம் நாக்குக்கு முதல் வாயிலேயே தித்திப்பு தட்டும். பிடிக்காவிட்டால் சட்னியோடு முடித்துக்கொள்ளலாம். காபி 'பை டூ' கேட்டால் ஒன்றை இரண்டாகப் பிரித்துத் தருவார்கள், யாரும் ஒரு மாதிரி பார்க்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை போனால் எம்.டி.ஆர். லால்பாக் மெட்ரோவில் இறங்கி மேற்கு வாசல் வழியாக உள்ளே போய், கண்ணாடி மாளிகை, பாறை மேலிருக்கும் கெம்பேகவுடா கோபுரம் எல்லாம் பார்த்துவிட்டு மெயின் கேட்டில் வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் ஓட்டல். அங்கே தோசையைவிட ரவை இட்லிதான் என் கட்சி. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் பிறந்தது அது என்பார்கள். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும். பூப் பார்க்கிற ஆசை இருந்தால் அதிலும் வேலை நாளின் காலையைத் தேர்ந்தெடுங்கள். சனி ஞாயிறில் போனால் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பீர்கள்.

மதியத்துக்குப் பேட்டை. கே.ஆர்.மார்க்கெட் பூச்சந்தையைப் பார்க்க வேண்டுமானால் விடிகாலையில் வர வேண்டும். ஓசூர், ராயக்கோட்டை பக்கத்துப் பூ நிறைய இங்கேதான் வந்து சேருகிறது. பத்து மணிக்கு மேல் வந்தால் வாடல்தான். வரமகாலட்சுமி, ஆயுத பூஜை, யுகாதிக்கு முந்தைய நாட்களில் உள்ளே நுழையவே முடியாது. நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், தரை எப்போதும் சகதி.

சிக்பேட்டையில் புடவை எடுக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தெருவில் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறவர்கள் பின்னால் போகாதீர்கள். அவர்களுக்குக் கடைக்காரர் கொடுக்கும் கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். நல்ல கடைகள் பலவும் மாடியிலும் காம்ப்ளக்ஸ் உள்ளேயும் இருக்கின்றன. முதல் கடையில் வாங்காமல், மூன்று கடையில் ஒரே மாதிரிப் புடவைக்கு விலை கேட்டுவிட்டு வாருங்கள். பட்டு என்றால் சில்க் மார்க் லேபிள் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவித் தரச் சொல்லி, வெளியே எரித்துப் பாருங்கள். பட்டு நூல் தலைமுடி கருகும் வாடை அடிக்கும், சாம்பலைத் தேய்த்தால் பொடியாகிவிடும். பிளாஸ்டிக் வாடை அடித்து, உருகிக் கட்டியாக நின்றால் பாலியஸ்டர். 'மைசூர் சில்க்' என்று பேட்டையில் காட்டுவதெல்லாம் கர்நாடக அரசுப் பட்டு நிறுவனமான கே.எஸ்.ஐ.சி.யின் புடவை அல்ல. அதுதான் வேண்டுமென்றால் அந்த நிறுவனத்தின் சொந்தக் கடைக்குப் போய்விடுவது நல்லது. கல்யாணப் பத்திரிகைக்கும் பழைய புத்தகத்துக்கும் அவென்யூ ரோடு, எலக்ட்ரிக், எலக்ட்ரானிக் சாமானுக்கு எஸ்.பி.ரோடு. எல்லாம் நடை தூரம்.

மதியச் சாப்பாட்டுக்கு அசைவக்காரர்கள் மிலிட்டரி ஓட்டல் தேடுங்கள். காட்டன்பேட்டையில் எஸ்.ஜி.ராவ் இருக்கிறது, ஜெயநகர் பக்கம் என்றால் சிவாஜி. தொன்னை பிரியாணி என்பது சீரகச் சம்பாவில், கொத்தமல்லியும் புதினாவும் அரைத்து விட்டுச் செய்வது. பச்சை சாயலில் இருக்கும், ஆம்பூர் பிரியாணியை மனதில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் மட்டன் தீர்ந்திருக்கும். முத்தே நமக்குப் புதிதல்ல, நம் வீட்டுக் களிதான். நாம் நொய் போட்டுக் கிண்டுவோம், அவர்கள் கேழ்வரகு மாவு மட்டும் போட்டு மழமழவென்று உருட்டுகிறார்கள். கூடத் தரும் சாறு நம் குழம்பைவிடத் தண்ணீராக இருக்கும். களி சாப்பிட்டே வளர்ந்தவர்கள் காசு கொடுத்து அதைத் தேடிப் போக வேண்டுமா என்றால், கறிச் சாறுக்காகப் போகலாம் என்பேன்.

ஆட்டோ எடுக்க நேர்ந்தால்: 2025 ஆகஸ்ட்டில் மாற்றிய மீட்டர் கட்டணப்படி முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. இரவு பத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு. மெஜஸ்டிக் வாசலில் மீட்டர் போடுங்கள் என்றால் சிரிப்பார்கள். 'நம்ம யாத்ரி' என்ற ஆட்டோ ஆப்பில் போட்டால் பேரம் மிச்சம். தமிழ் எங்கேயும் செல்லும் என்றாலும் முதல் வார்த்தையை எடுத்ததும் தமிழில் வீசாதீர்கள். நம் மாவட்டத்தில் பாதிப் பேருக்குக் கன்னடம் ஓரளவு வரும், "எஷ்டு அண்ணா?" என்று ஆரம்பித்தால் அவரே தமிழுக்கு மாறிவிடுவார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வி.வி.புரம் தின்பண்டத் தெரு. மறுபடி நேஷனல் காலேஜ் ஸ்டேஷன்தான், நடந்துவிடலாம். ஏழரைக்குமேல் கூட்டம் நெரியும், ஆறேகாலுக்கே போய்விடுங்கள். சூடான ஒப்பட்டு, அதாவது நம் போளி, அதன்மேல் நெய் விட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சாக்லேட் தோசை, சீஸ் பாவ் போன்ற வித்தைகளைத் தாண்டிப் போய்விடலாம். டிசம்பர், ஜனவரியில் போனால் அவரைக்காய்ப் பண்டங்கள் கிடைக்கும். நம்மூர்ப் பிதுக்கம் பருப்பையே தோசையில், உப்புமாவில், மிக்ஸரில் போடுவார்கள். மிக்ஸர் ஒன்று வீட்டுக்குக் கட்டிக்கொள்ளுங்கள், வாரம் தாங்கும். மே மாதத்திலும் செப்டம்பர், அக்டோபரிலும் சாயங்கால மழை சொல்லாமல் வரும், குடை அவசியம். மார்கழி, தையில் இருட்டியதும் குளிர் தெரியும்.

திரும்பும்போது எட்டரைக்குள் மெட்ரோ ஏறிவிட்டால் நல்லது. பொம்மசந்திரா ரோட்டோரத்தில் நின்று கிருஷ்ணகிரி, சேலம் வண்டிக்குக் கை காட்டினால் நிற்கும், ஆனால் சீட்டு கிடைக்காது. வெள்ளிக்கிழமை இரவும் பண்டிகைக்கு முந்தைய நாளும் படிக்கட்டில் கூட இடம் இருக்காது. பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறவர்கள் ஓசூர் வரை போகும் எந்த வண்டியிலாவது ஏறிவிடுங்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டு உள்ளே போய்க் கிருஷ்ணகிரி வண்டி பிடித்தால் உட்கார்ந்து வரலாம். தர்மபுரிக்காரர்களுக்கும் அதுவே வழி. நேர் வண்டிக்காகக் காத்திருக்காமல் கிருஷ்ணகிரி வந்து மாறிக்கொள்ளுங்கள்.