அப்பத்தாவின் தாலாட்டும் ஒன்பது பழுதான துண்டுகளும்

அப்பாவின் பழைய மேசைக் கணினியில் இருக்கும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் பேக்கப் எடுக்கத் தொடங்கினேன். 61 சதவீதத்தில் வாசிப்புப் பிழை என்று நின்றது. மறுபடி ஓட்டினேன், அதே இடத்தில் நின்றது. 2012இல் அப்பத்தாவைப் பாடவைத்துப் பதிவு செய்த தாலாட்டு அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. அதற்கு வேறு நகல் இல்லை. அப்பத்தாவும் இப்போது இல்லை.

“செக்டிஸ்க் ஓட்டு, சரியாகிவிடும்” என்றான் நண்பன். மறுத்துவிட்டேன். அந்தக் கருவி கோப்பு அமைப்பைத் திருத்தப் பார்க்கும். நோயுற்ற டிஸ்க்கின் மேலேயே எழுதும். நகல் கைக்கு வராதவரை அதில் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

லினக்ஸ் பென் டிரைவில் கணினியைத் தொடங்கி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். 199ஆம் வரிசையில் 212 என்று இருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை அது. பெரும்பாலும் கேபிளின் குற்றம். 197ஆம் வரிசையில் 48: படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்கள். சாட்டா கேபிளை மாற்றினேன். 212 அப்படியே நின்றது. இந்த எண் ஒருபோதும் குறையாது, ஏறாமல் இருந்தால் போதும். ஆனால் 48 என்பது 56 ஆகிவிட்டது. கேபிளும் கெட்டிருந்தது, டிஸ்க்குக்குள் தரவு பதியும் தட்டின் பரப்பும் கெட்டிருந்தது. கேபிளை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

அடுத்து ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ, பழுதான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் நிரல். சாதாரண நகலெடுப்பு பிழை வந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது அந்த இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். எங்கெங்கே என்ன ஆயிற்று என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே வரும். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்தக் கோப்பை நகல் எடுக்கும் புதிய டிஸ்க்கில் வைத்தேன்.

முதல் சுற்றில் பழுதான இடங்களைச் சுரண்ட வேண்டாம் என்று சொல்லி ஓட்டினேன். வேகம் நொடிக்கு 90 எம்பி. 61 சதவீதத்துக்கு அருகே அது சட்டென்று விழுந்தது. டிஸ்க் மூச்சைப் பிடித்துக்கொண்டது போல நின்று, பிறகு நகர்ந்தது. காதை வைத்துக் கேட்டேன். விடாமல் ‘டக் டக்’ என்று அடித்திருந்தால் வாசிக்கும் முனையே கெட்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தித் தரவு மீட்பு நிலையத்துக்குக் கொண்டு போயிருப்பேன். அப்படி இல்லை. வெப்பம் 47 டிகிரியைத் தொட்டதால் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன், 39க்கு இறங்கியது.

மூன்று மணி நேரத்தில் 1.4 எம்பி தவிர எல்லாம் வந்துவிட்டது. அந்த மிச்சத்துக்கு ஓர் இரவு முழுக்கத் தேவைப்பட்டது. இடைச்சேமிப்பைத் தவிர்த்து நேரடியாகப் படிக்கும்படியும் மூன்று முறை மறுமுயற்சி செய்யும்படியும் சொல்லி இரண்டாம் சுற்றை ஓட்டினேன். காலையில் 36 கேபி மட்டும் வராமல் இருந்தது. 512 பைட் கணக்கில் 72 செக்டர்கள்; இந்த டிஸ்க் உள்ளே 4096 பைட்டாகத்தான் எழுதுகிறது என்பதால் உண்மையில் ஒன்பது துண்டுகள். ஸ்மார்ட் அறிக்கையின் நிலுவையும் சரியாக 72.

அந்த ஒன்பதும் எந்தக் கோப்புகளில் விழுந்திருக்கின்றன? டிடிரெஸ்க்யூவிலேயே இதற்கு வழி இருக்கிறது. வரைபடக் கோப்பைப் பார்த்து, நகலில் இருக்கும் ஓட்டைகளை மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லால் நிரப்பும். நகலுக்கு இன்னொரு நகல் எடுத்து, அதில் நிரப்பி, அந்தச் சொல் எந்தக் கோப்புகளில் அகப்படுகிறது என்று தேடினேன். ஐந்து துண்டுகள் விண்டோஸ் தன் தற்காலிக வேலைக்கு வைத்துக்கொள்ளும் பேஜ் ஃபைலில். அதனால் இழப்பில்லை. இரண்டு எந்தக் கோப்பிலும் இல்லை. ஒன்று திருமணப் படம் ஒன்றில். பாதிக்குக் கீழே நிறங்கள் குழம்பியிருந்தன, ஆனால் அதே படம் அக்காவின் கைபேசியில் கிடைத்தது.

ஒன்பதாவது, தாலாட்டில்.

நல்லவேளையாக அதைச் சுருக்காத வேவ் ஒலிக்கோப்பாகச் சேமித்திருந்தேன். நொடிக்கு 1,76,400 பைட். 4096 பைட் என்றால் ஒரு நொடியில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. நிரப்புச் சொல் இருந்த நகலில் அந்த இடம் ‘ஸ்ர்ர்’ என்று உறுத்தியது. ஓட்டையைப் பூஜ்யங்களாகவே விட்ட முதல் நகலைப் போட்டுக் கேட்டேன். இரண்டாவது ‘ஆராரோ’வுக்கு முன்னால் அப்பத்தா மூச்சு வாங்கும் இடம் அது. எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் என் காதுக்கு அது பிடிபடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை; முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.