மாமாவும் நாலு லட்சம் பீஸும்

என்ற மாமா திருப்பூர்ல பவர் டேபிள், அதாவது துணி தெக்கற யூனிட்டு, வெச்சிருக்காருங்க, பதினஞ்சு மிசின். சனிக்கிழமை பொழுதோட சம்பளம் போடணும். டைலருங்களுக்குப் பீஸ் ரேட்டு, கைமடிங்கற ஹெல்ப்பருங்களுக்கும் செக்கிங்குக்கும் ஷிப்ட் கணக்கு, எல்லாம் ஒரே நீள நோட்டுல. போன மாசம் திடீர்னு "ஏங்கண்ணு, அந்தப் பைத்தானோ என்னமோ, அதை எனக்கும் சொல்லிக்குடு"ன்னாரு. கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதற மொழிங்க அது. எக்செல்லே போதும் மாமான்னேன், கேக்கல.

நான் வேரியபிள், லூப்புன்னு ஆரம்பிச்சேன், கொட்டாவி விட்டாரு. (எனக்கே காலேஜ்ல அப்பிடித்தான் வந்துச்சு.) அடுத்த ஞாயித்துக்கெழம நோட்டைப் பிரிச்சு வெச்சு, ஒரு டைலர் கணக்கை மட்டும் வாயால போடுங்கன்னேன், அவரு சொல்லச் சொல்ல அதையே வரிவரியா அவரையே டைப் பண்ண வெச்சேன், கீபோர்டை நான் தொட்டுருவேன்னு கையைத் தொடைக்கு அடியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன், அதுதாங்க இருக்கறதுலயே கஷ்டம்.

நேத்து 420 பீஸ், இன்னிக்கு 385. கூட்டச் சொன்னா 420385ன்னு வந்துச்சு.

"ஏனுங் கண்ணு, ரெண்டு நாள்ல ஒருத்தன் நாலு லட்சம் பீஸ் அடிச்சா நான் ஏன் இன்னும் வாடகைக் கட்டடத்துல கெடக்கறேன்?"

எரர் எதுவும் வரல பாருங்க, ஓடி முடிஞ்சு பதிலும் குடுத்துருச்சு. பீஸ் கணக்கு தெரியாதவன்னா அதை அப்பிடியே நம்பிட்டு போயிருப்பான். மாமா கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு "ரெண்டையும் ஒட்டி வெச்சிருக்குது"ன்னாரு. அதேதான். டைப் பண்றதை இன்புட்ல வாங்குனா, நம்பரா இருந்தாலும் பைத்தானுக்கு அது வெறும் எழுத்து, எழுத்தும் எழுத்தும் சேந்தா ஒட்டிக்கும். எழுத்தை முழு நம்பரா மாத்தற இன்ட் போட்டோம், 805 வந்துருச்சு.

அடுத்தது கைமடிப் புள்ளைங்க கணக்கு. 1.5ன்னு அடிச்சாரு, வேல்யூ எரர். எங்கூர்ல ஒன்றரை ஷிப்ட் இல்லாத நாளே இல்லீங்க, இன்ட்டுக்கு அரை ஷிப்ட்டுன்னா என்னன்னே தெரியாது. கடைசி வரியை மட்டும் படிங்க மாமான்னேன், எழுத்துக் கூட்டிப் படிச்சு அந்த 1.5ஐ அவரே கண்டுபுடிச்சாரு. புள்ளி வெச்ச நம்பருக்கு இன்ட்டுக்குப் பதிலா போடற ஃப்ளோட்டுங்கற பேரை மட்டுந்தான் நான் சொன்னேன்.

இப்ப ரெண்டு வாரமா சம்பளம் அதுலதான் ஓடுது, நோட்டுலயும் ஒருவாட்டி போட்டு ஒத்துப் பாத்துக்கறாரு. அட்வான்ஸ் புடிக்கறதையும் சேத்தரலாமான்னு கேட்டேன்.

"அது நோட்டுலயே இருக்கட்டுங் கண்ணு. யாருகிட்ட இந்த வாரம் புடிக்கலாம், யாரை உடலாம்னு அதுக்கு எப்பிடிச் சொல்றது?"