ரத்த டயாலிசிஸிலிருந்து வயிற்று டயாலிசிஸுக்கு மாறியபோது

வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று ரத்த டயாலிசிஸ் செய்துவந்த எனக்கு, டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து அமைத்திருந்த ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டதாலும், இயந்திரத்தில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கிக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டதாலும், வயிற்றுக்குள் திரவத்தை நிரப்பி, சில மணி நேரம் கழித்துக் கழிவுகளோடு வடித்துவிடும் சிஏபிடி என்ற வயிற்று டயாலிசிஸ் முறைக்கு மாறும்படி சிறுநீரக மருத்துவர் கூறினார். வயிற்றில் அந்தத் திரவம் போய்வருவதற்கான கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைப் பொருத்தியபின் புண் ஆறுவதற்குப் பொதுவாக இரண்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும் என்பதால், அதுவரை கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாகப் பழைய டயாலிசிஸ் தொடர்ந்தது.

முதன்முதலில் திரவம் உள்ளே சென்றபோது அடிவயிற்றில் எரிச்சலும் குளிர்ச்சியும் ஒருசேரத் தெரிந்தன. திரவம் சற்று அமிலத்தன்மை கொண்டது என்றும், வேகமாக இறங்கினால் எரிச்சல் கூடும் என்றும் செவிலியர் விளக்கி, தொங்கவிட்டிருந்த திரவப் பையின் உயரத்தைக் குறைத்து, குழாயின் கவ்வியைப் பாதி மட்டும் திறந்துவைத்தார். உடனே தாங்கும் அளவுக்கு வந்துவிட்டது. பையை உடல் சூட்டுக்குக் கொண்டுவர உலர்ந்த வெப்பத்தையே பயன்படுத்த வேண்டும், வெந்நீரில் அமிழ்த்தக் கூடாது என்பதையும் அவரே கற்பித்தார்.

என்னை அதிகம் வருத்தியது திரவம் வெளியேறி முடியும் நேரத்து வலிதான். வயிறு காலியாகும்போது கதீட்டரின் நுனி வயிற்றின் உள்சவ்வை உறிஞ்சுவதால், ஆசனவாய்ப் பக்கம் சுருக்கென்று இழுக்கிறது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது நல்ல நோயாளியின் இலக்கணம் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. கேட்டதால்தான், ஒருக்களித்துப் படுப்பதும், இழுப்பு தொடங்கியதும் வடிதலை நிறுத்துவதும் உதவும் என்று தெரிந்தது. மலச்சிக்கல் இருந்தால் குடல் கதீட்டரை நெருக்கி, வலியைக் கூட்டுவதோடு திரவம் வெளிவருவதையும் தடுக்கும் என்பதால், மருத்துவர் மலமிளக்கியும் எழுதித் தந்தார். தோள்பட்டையில் வந்த வலிக்கு, குழாய் வழியே புகுந்த காற்று உதரவிதானத்தை உறுத்துவதே காரணமாம். குழாயிலுள்ள காற்றை முறையாக வெளியேற்றிய பின் அது வரவில்லை.

இரண்டு லிட்டர் திரவத்தைச் சுமந்துகொண்டு சாப்பிட உட்கார்ந்தால் நான்கு வாய்க்குமேல் இறங்காது. எனவே பழைய திரவம் வடிந்தபின், புதியதை நிரப்புவதற்கு முன்பாகச் சாப்பிடத் தொடங்கினேன். இந்த முறையில் அன்றாடம் புரதம் வெளியேறுகிறது என்பதால் முட்டை வெள்ளைக்கரு கட்டாயமாயிற்று. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்ததைப் பார்த்து, பல காலம் விலக்கிவைத்திருந்த வாழைப்பழத்தை மருத்துவர் அனுமதித்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

மனத்துக்குக் கடினமானது வேறு: ரத்த டயாலிசிஸில் இடைநாட்கள் நமக்குரியவை, இதிலோ நாளொன்றுக்கு நான்கு முறை, விடுமுறையே இல்லாமல் பை மாற்ற வேண்டும். ஆயினும் டயாலிசிஸ் முடிந்த மாலைகளில் எழ முடியாமல் கிடந்த அந்தச் சோர்வு இப்போது இல்லை. 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டில் சிஏபிடி பைகள் வீட்டுக்கே வழங்கப்படுகின்றன என்பதைப் புதிதாக மாறுவோர் தங்கள் மருத்துவமனையில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வெளிவரும் திரவம் கலங்கியிருந்தால், வலியோ காய்ச்சலோ வரட்டும் என்று காத்திராமல், அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; உள்சவ்வில் தொற்று ஏற்பட்டதன் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.